நிறுத்தின ஊசி

அந்தப் பையத் தூக்கி இங்கிட்டு வையி தாயி, தரையக் கூட்டித் தொடைக்கிறவ வந்தா ஈரத்துல நனைச்சிருவா. பதினோராம் கட்டில்ல இருக்கிறது உங்க அய்யாவா? இடுப்பெலும்பா? பாத்ரூம்ல வழுக்கிட்டாரா... வயசானவுகளுக்கு அந்த பாத்ரூம்தான் எமன். ஆப்பரேசன் முடிஞ்சிருச்சுல்ல? அதுவரைக்கும் நல்லது.

காலையில நீ நர்சுகிட்டக் கேட்டது என் காதுல விழுந்துச்சு. ‘இன்னைக்கு ஏன் ஊசி போடல’ன்னு கேட்ட. ‘டாக்டர் நிறுத்திட்டாங்க, இனிமே தேவையில்ல’ன்னு சொல்லிட்டு அது பாட்டுக்குப் போயிருச்சு. நீயும் சரி சரின்னு தலைய ஆட்டுன. அதப் பாத்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. நான் அடுத்தவுக விசயத்துல தலையிடுறவ இல்ல, எங்க தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு. ஆனா பட்டவ நான். பட்டவ சொல்லாம வேற யாரு சொல்லுவா?

எம்பேரு சீனியம்மா. எங்க வீட்டுக்காரரு இருளப்பன், பெயிண்டரு. அந்தா அந்தக் கண்ணாடிக் கதவு தெரியுதுல்ல, அதுக்குள்ளதான் இருக்காரு. நெனச்ச நேரத்துக்கு உள்ள விட மாட்டாக. சாயங்காலம் நாலு மணிக்கு ஒருக்காத் தெறப்பாக, ஒரு ஆளு போகலாம்.

அவரு பேச மாட்டாரு தாயி. கல்யாணமான புதுசுல நான் ஊமையக் கட்டிக்கிட்டோமோன்னு பயந்தேன். சாரத்துல ஏறி நின்னாருன்னா விடிஞ்சதுல இருந்து அடையிற வரைக்கும் ஒரு வார்த்தை வராது. ஆனா சுவத்துல கைய வச்சாருன்னா கண்ணாடி கணக்கா இருக்கும். அவருக்கும் சேத்து நான்தான் பேசணும். கடைக்காரன்கிட்ட, பள்ளிக்கூடத்துல, கரண்டு ஆபீசுல, எல்லா எடத்துலயும் நான்தான். அவரு பின்னால நின்னுக்கிட்டு இருப்பாரு. அப்படியே ஓடிப்போச்சு இத்தன வருசம்.

மாசி மாசம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெள்ளையடிக்கப் போனாரு. சாரத்துல ஒரு கயிறு விட்டுப்போச்சு. கீழ விழுந்ததுல கணுக்காலுக்கு மேல எலும்பு ஒடஞ்சு தோலப் பிச்சுக்கிட்டு வெளிய வந்துருச்சு. மண்ணும் சுண்ணாம்புமா அப்படியே ஆட்டோவுல போட்டு இங்கதான் கொண்டாந்தோம். பொய் சொல்லக் கூடாது, அன்னைக்கு நல்லாத்தான் பாத்தாக. வாசல்லயே ஒரு ஊசி போட்டாக. உள்ள கொண்டு போயி கழுவு கழுவுன்னு கழுவி, காலுக்கு வெளிய கம்பிய வச்சு முறுக்கிவிட்டாக. வேளாவேளைக்கு ஊசி. அவருக்கும் காய்ச்சல் இல்ல, வலி கொறஞ்சு எந்திரிச்சு உக்காந்தாரு. இட்லி கேட்டாரு. எனக்கு உசுரு வந்துச்சு.

அப்பத்தான் அந்த மெர்லின் டாக்டரு வந்துச்சு. உங்க அய்யாவையும் அதான பாக்குது? சின்னப் பொண்ணு, கண்ணாடி போட்டது. அதுக்கு ஒரு வேலை உண்டு பாத்துக்கோ. பந்தியில சோறு போதுமா போதுமான்னு கேக்குறாப்புல, ஒவ்வொரு கட்டிலா நின்னு இந்த ஊசி இன்னும் வேணுமா, எதுக்கு வேணும், எத்தன நாளைக்கு வேணும்னு கூட வர்ற, டாக்டருக்குப் படிக்கிற புள்ளைகளக் கேட்டுக்கிட்டே வரும். எங்க கட்டிலுக்கு வந்துச்சு. காயத்தப் பிரிச்சுப் பாத்துச்சு. ‘நல்லா இருக்கு. ஊசி போதும், நிறுத்திரலாம்’னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகப் பாத்துச்சு.

நான் விடுவேனா? “நில்லுங்க டாக்டரம்மா. எலும்பு வெளிய வந்த காலு. இன்னும் தோலே மூடல. அதுக்குள்ள எதுக்கு நிறுத்துறீக?”

அது நின்னு பொறுமையாத்தான் சொல்லுச்சு. “அம்மா, காயத்தச் சுத்தம் பண்ணியாச்சு. காய்ச்சல் இல்ல, சீழ் இல்ல. ஊசி செய்ய வேண்டிய வேலை முடிஞ்சிருச்சு. இனிமே கட்டு மாத்துறதும், இவரு நல்லாச் சாப்பிடுறதும்தான் ஆத்தும்.”

“அப்ப பக்கத்துக் கட்டில்காரருக்கு மட்டும் ரெண்டு பாட்டில் ஏறுதே? அவரு என்ன கலெக்டரா?”

“அவரு சீழ் பிடிச்சுத்தான் வந்தாரு. அதச் சோதிச்சுப் பாத்து, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகுமோ அதப் போடுறோம். தேவையில்லாம இவருக்கும் போட்டா, கிருமி அந்த மருந்துக்குப் பழகிரும்மா. பின்னால நெசமாவே தேவைப்படுறப்போ மருந்து கேக்காது.”

கேக்காதாம்! “மருந்து என்ன எங்க மாமியாரா, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் கேக்காமப் போறதுக்கு?”ன்னேன். வார்டே சிரிச்சுச்சு. கூட வந்த புள்ளைகளுகூடச் சிரிச்சதுக. அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கல. ‘பயப்படாதீங்கம்மா, நான் தெனமும் வந்து பாப்பேன்’னு சொல்லிட்டுப் போயிருச்சு. பாக்கத்தான் செஞ்சுச்சு, இல்லேங்கல. தெனமும் வந்து பாத்துச்சு. பாத்தா ஆச்சா? மருந்து குடுக்கணும்ல?

என் கூடப்பொறந்தவன் பவுன்ராசு, மெடிக்கல் ஷாப்புல நிக்கிறான். இருவது வருசமா மாத்திரையோடயே பொழங்குறவன். போன் போட்டு அழுதேன். ‘அக்கா, கவர்மெண்ட்ல அப்படித்தான். மருந்து கையில இருக்காது, அத வேற மாதிரிச் சொல்லிச் சமாளிப்பாக. நீ கவலப்படாத, நான் பவர் மாத்திரையாத் தர்றேன்’னான். சொன்ன மாதிரியே அன்னைக்குச் சாயங்காலமே கொண்டாந்து குடுத்தான். தம்பின்னா அப்படி இருக்கணும்.

அவரு வேண்டாம்னாரு. “சீனி, அந்தப் புள்ள தேவையில்லன்னு சொல்லுச்சுல்ல.”

“நீங்க சாரம் ஏறுன காலத்துல அது பால் குடிச்சுக்கிட்டு இருந்துருக்கும். அதுக்கு என்ன தெரியும்? வாயத் தெறங்க.”

தெறந்தாரு. ரெண்டு நாளு ஒழுங்கா முழுங்குனாரு. அப்புறம் வயித்தால போக ஆரம்பிச்சுச்சு. கம்பி மாட்டுன காலோட அந்த மனுசன் பட்ட பாடு... நீ பொம்பளப் புள்ள, உனக்குச் சொல்லணுமா? டாக்டரு வந்து என்ன சாப்பிட்டீகன்னு கேட்டுச்சு. ‘உங்க ஆஸ்பத்திரி சாம்பாருதான்’னேன். வேற என்ன சொல்ல? சொன்னா மாத்திரையப் பிடுங்கி எறிஞ்சிருக்கும்.

அதுக்கப்புறம் அவரு மாத்திரைய வாங்க மாட்டேன்னுட்டாரு. எம்புட்டு கெஞ்சியும் பல்லக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தாரு. புள்ளைக்கு மருந்து குடுக்கிறதில்லையா நாம, தேனுல கொழைச்சு? அப்படித்தான். மாத்திரைய ஒடச்சு உள்ள இருந்த பொடியக் காப்பியில கலந்து குடுத்தேன். ‘காப்பி கசக்குது’ன்னாரு. ‘சிக்கரி சாஸ்தியாப் போயிருச்சு’ன்னேன். மூணு வேளையும் கேக்காமலே காப்பி கெடச்சா யாருக்குத்தான் கசக்கும்? குடிச்சாரு. தம்பி ஒரு தினுசு தீந்ததும் இன்னொரு தினுசு கொண்டாந்தான். சில நாளு கடையில ஆளு இருந்தா அவனால வர முடியாது, அன்னைக்கு இல்ல. மறுநா சேத்துக் குடுத்துருவேன். குறை வைக்கல தாயி. நான் ஒரு குறையும் வைக்கல.

பெறகும் ஒருநா கம்பி எறங்குன எடத்துல செவந்து, தண்ணியா ஒழுகுச்சு. பாத்தியா? நான் சொன்னது நடந்துச்சா இல்லையா? ஊசிய நிறுத்துனா இப்படித்தான் ஆகும்னு தலையில அடிச்சுக்கிட்டேன். மெர்லின் டாக்டரு வந்து பாத்துட்டு மொகம் மாறிப்போச்சு. சீழ ஒரு குச்சியில எடுத்து குழாயில போட்டு அனுப்புச்சு. ‘ரெண்டு மூணு நாள்ல முடிவு வந்துரும், அத வச்சுச் சரியான மருந்தாப் போடுவோம், அதுவரைக்கும் கழுவிக் கட்டுறேன்’னுச்சு. அப்புறம் என்னைப் பாத்து, “இவரு வெளிய ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டாராம்மா? கோவிக்க மாட்டேன். தெரிஞ்சாத்தான் நான் சரியா முடிவு பண்ண முடியும்”னுச்சு.

“மாரியாத்தா சத்தியமா இல்ல”ன்னேன்.

அவரு என்னைப் பாத்தாரு. அப்புறம் மேல ஃபேனப் பாத்துக்கிட்டாரு.

சீழோட படுக்கப் போட்டுட்டு, கூடைக்காரிக்காகக் காத்திருக்கிற மாதிரி முடிவுக்காகக் காத்திருக்கணுமாம்! எந்தப் பொண்டாட்டி சும்மா இருப்பா? எங்க பொறுப்புலதான் போறோம்னு எழுதிக் குடுத்துட்டு அவரக் கூட்டிட்டுப் போயிட்டேன். அந்தப் பொண்ணு லிப்ட்டு வரைக்கும் வந்துச்சு. ‘முடிவு வர்ற வரைக்கும் இருங்கம்மா, அப்புறம் எங்க வேணும்னாலும் போங்க’ன்னு கையப் பிடிச்சுச்சு. நான் கைய உதறிட்டேன்.

பிரைவேட்டுக்குப் போறதுக்குள்ள காய்ச்சலும் கண்டிருச்சு. அங்க சந்திரமோகன்னு ஒரு டாக்டரு. அவருதான் டாக்டரு தாயி. ஒரு கேள்வி கேக்கல. காலப் பாத்தாரு, மூணு பாட்டில வரிசையா தோரணம் கணக்காத் தொங்க விட்டாரு. ‘டெஸ்ட்டெல்லாம் எதுக்கும்மா, எல்லாத்துக்கும் சேத்து அடிச்சிருவோம்’னாரு. அந்த வார்த்தையக் கேட்டதும் எனக்கு வயித்துல பால வாத்த மாதிரி இருந்துச்சு. காய்ச்சல் சர்ருன்னு எறங்கிருச்சு. நான் கோயிலுக்குப் போயி மாவெளக்குப் போட்டேன். ஊருல எல்லாத்துகிட்டயும் சொன்னேன், பணம் போனாப் போகுது, காலு கெடச்சிருச்சுன்னு.

ஆனா என்னமோ தெரியல, காய்ச்சல் திரும்ப வந்துச்சு. டாக்டரு மருந்த மாத்துனாரு. எறங்குச்சு. மறுபடியும் வந்துச்சு. அதவிட ஒசந்த மருந்துன்னாரு. இப்படியே சித்திரை போச்சு, வைகாசி போச்சு. காலு ஒரு மாதிரி வாடை வர ஆரம்பிச்சுச்சு. நான் சாம்பிராணி போட்டேன், தைலம் தெளிச்சேன். பாக்க வர்றவுக வாசல்லயே நின்னு பேசிட்டுப் போனாக. என் மக வந்து புடவை முந்தானைய மூக்குல வச்சா, ஓங்கி ஒண்ணு குடுத்தேன். ஒருநா சந்திரமோகன் டாக்டரு என்னைத் தனியாக் கூப்பிட்டு, ‘இனி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்கம்மா’ன்னுட்டாரு. அவரு என்ன செய்வாரு பாவம்? கெட்ட பெறகு கையில வந்த காலு. அவரக் குத்தம் சொல்ல முடியாது.

திரும்ப இங்கயே வந்தோம். எந்த மூஞ்சியோட வர்றது? ஆனா அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லிக்காட்டல. அது ஒரு கொணம் அதுகிட்ட. மறுபடியும் சீழ் எடுத்து அனுப்புச்சு. முடிவு வந்த அன்னைக்கு, பேப்பரக் கையில வச்சுக்கிட்டு கட்டில் பக்கத்துல நின்னுச்சு. அதையே திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. எனக்குத்தான் பொறுக்கல.

“என்ன டாக்டரம்மா, எந்த மருந்துன்னு போட்டிருக்கு?”

“எதுவும் கேக்காதுன்னு போட்டிருக்கும்மா. ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். அதுவும் பழைய மருந்து. கிட்னியப் பாதிக்கும். பாத்துப் பாத்துத்தான் போடணும்.”

அந்தப் பேப்பர நானும் எட்டிப் பாத்தேன். மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே எழுத்து. எனக்கு என்ன தெரியும். ஆனா ஒண்ணு கேக்குறேன், இத்தன மருந்து வச்சிருக்காகல்ல, ஆரம்பத்துலயே எல்லாத்தையும் சேத்துப் போட்டிருந்தா ஒண்ணாச்சும் கேட்டிருக்காதா? நீயே சொல்லு. எதுக்கு மணியப் பாக்குற? சரி விடு.

அந்தப் பழைய மருந்தப் போட்டாக. ரெண்டு நாள்ல மொகம் ஊதிப்போச்சு. ஒண்ணுக்கு வரல. நிறுத்திட்டாக. இந்தத் தடவ ஊசிய நிறுத்துறப்போ நான் சண்டை போடல தாயி. அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்தேன்.

காலை எடுக்கணும்னு சொன்னாக. முட்டிக்கு மேல.

சொல்றதுக்கு முந்தி அது ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு அவரு தலைமாட்டுல உக்காந்துச்சு. “அய்யா, இப்பவாச்சும் சொல்லுங்க. மொத தடவ இங்க இருந்தப்போ வெளி மாத்திரை எதாவது சாப்பிட்டீங்களா?”

நான் குறுக்க விழுந்து இல்லன்னு சொல்ல வாயெடுத்தேன். அவரு கையக் காட்டி என்னை நிறுத்துனாரு. கல்யாணம் ஆன நாளுல இருந்து அவரு என்னைப் பேச வேண்டாம்னு நிறுத்துனது அன்னைக்குத்தான்.

“ஆமா தாயி, சாப்பிட்டேன்”னாரு. “நானாத்தான் வாங்கித் தின்னேன். எனக்குத்தான் பொறுமை இல்லாமப் போச்சு. மொதல்ல மாத்திரையா முழுங்குனேன். அப்புறம் காப்பியில கலந்து குடிச்சேன். இவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. இவள ஒண்ணும் கேக்காதீக.”

காப்பியில கலந்தது அவருக்குத் தெரிஞ்சிருக்கு! தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லாம, நான் குடுக்கக் குடுக்கக் குடிச்சிருக்காரு. எதுக்கு இப்படிப் பொய் சொன்னாருன்னுதான் எனக்கு இன்னும் வெளங்கல. நான் என்ன கொலையா செஞ்சேன், என்னை மறைக்கிறதுக்கு? மருந்து குடுத்தேன். பொண்டாட்டி புருசனுக்கு மருந்து குடுத்தா அது குத்தமா?

அந்தப் பொண்ணு என்னைத் திரும்பிப் பாத்துச்சு. ரொம்ப நேரமெல்லாம் இல்ல, ஒரு பார்வை. அப்புறம் அவரு போர்வையச் சரி பண்ணிவிட்டுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. அது ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட நான் பதிலுக்குப் பத்து வார்த்தை திட்டியிருப்பேன். மனசு ஆறியிருக்கும்.

காலை எடுத்தாச்சு. முந்தாநா. எடுத்தாச் சரியாப் போயிரும்னுதான் நெனச்சேன். ஆனா விசம் ரத்தத்துல ஏறிருச்சாம். காய்ச்சல் விடல. குடுக்குறதுக்கு மருந்தும் இல்ல. ‘அவரு உடம்புக்குத் தெம்பு இருந்தா அதுவா எதுத்து நிக்கணும்மா, பாப்போம்’னு சொல்லுது அந்தப் பொண்ணு. ஒருநாளைக்கு நாலு தடவ வந்து பாக்குது. வந்து, கையில ஒண்ணும் இல்லாம நின்னுட்டுப் போகுது.

அதனாலதான் சொல்றேன் தாயி, உங்க அய்யா ஊசிய விட்றாத. ‘காய்ச்சல் இல்ல, சீழ் இல்ல’ன்னு இதையேதான் எங்கிட்டயும் சொன்னாக. என் தம்பி நம்பர் வேணும்னாத் தர்றேன்... என்ன? வேண்டாமா? டாக்டரு சொன்னபடியே இருந்துக்கிறியா? சரி. உன் இஷ்டம். உங்க அய்யா, நீ பாத்துக்கோ. நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்.

எந்திரிக்காத, எந்திரிக்காத. கோவமில்ல. இரு.

உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். நேத்து நாலு மணிக்கு உள்ள போனேன். கஞ்சி கொண்டு போனேன். கரண்டிய வாய்கிட்டக் கொண்டு போனா, வாய மூடிக்கிட்டாரு. கண்ணு தெறந்துதான் இருக்கு, என்னைப் பாக்குறாரு, ஆனா வாயத் தெறக்கல. கண்ணுல கோவமும் இல்ல. கோவம் இருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு. அசதியா இருக்கும்னு நெனச்சேன். பின்னால அந்த நர்சுப்புள்ள வந்து அதே கிண்ணத்த வாங்கி, அதே கரண்டியால ஊட்டுச்சு. நாலு வாய் குடிச்சாரு. இன்னைக்கு அந்தப் புள்ளைக்கு லீவாம், வேற ஆளு. இவளுக்கு ஊட்டுறதுக்கெல்லாம் நேரமில்லையாம்.

தெம்பு இருந்தாத்தான எதுத்து நிக்க முடியும்? தெம்புக்கு உள்ள ஏதாச்சும் போகணும்ல?

நாலு மணிக்கு நீ போறியா? இந்தத் தூக்குல கஞ்சி இருக்கு, சூடு ஆறல. எங்க அண்ணன் மக மாதிரி இருக்க, உன்னப் பாத்தா அவரு மறுக்க மாட்டாரு. எறங்குன வரைக்கும் போதும், கட்டாயப்படுத்த வேண்டாம். நான் இந்தக் கண்ணாடி வழியா ஒதுங்கி நின்னு பாத்துக்கிறேன். அரிசியும் பாசிப்பருப்பும்தான் தாயி. இதுல ஒண்ணும் கலக்கல. நீ வேணும்னா ஒரு வாய் குடிச்சுப் பாரு.

நான் காய்ச்சுனதுன்னு மட்டும் அவருகிட்டச் சொல்லிராத.